திண்டுக்கல்லில் 46 சதவீதம்: மின்சாரக் காரில் ஊர் போக எந்த ஆப்?

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு ஓட்டல் வாசலில் நின்றுகொண்டு இந்தக் கணக்கைப் போட்டேன். காரில் மிச்சம் 46 சதவீதம். டாஷ்போர்டு 129 கி.மீ. ஓடும் என்கிறது. கூகுள் மேப்ஸ் கொடைக்கானலுக்கு 95 கி.மீ. என்கிறது. கழித்துப் பார்த்தால் 34 கி.மீ. கையிருப்பு. பின்சீட்டிலிருந்து அம்மா, "அதான் போதும்னு காட்டுதே, எதுக்குடா நிக்கிறே? இருட்டறதுக்குள்ள மலை ஏறிடலாம்" என்றார்.

ஏறியிருந்தால் பெருமாள்மலைக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றிருக்கும்.

எங்கள் காரின் பேட்டரி 40.5 யூனிட். வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். சமவெளியில் 90-ஐத் தாண்டாமல் ஓட்டினால் கிலோமீட்டருக்கு 0.145 யூனிட் ஆகும். முழு சார்ஜுக்கு ஏறக்குறைய 280 கி.மீ. (சான்றிதழில் 465 என்று இருக்கிறது. அதை நம்பிக் கிளம்பியவர் யாரையும் நான் இரண்டாம் முறை கிளம்பிப் பார்த்ததில்லை.) டாஷ்போர்டில் தெரியும் எண், இதுவரை ஓடிய ஓட்டத்தை வைத்துச் சொல்லும் ஜோசியம். சென்னையிலிருந்து திண்டுக்கல் வரை கிட்டத்தட்டத் தட்டையான ரோடு, அதனால் இனியும் தட்டைதான் என்று நினைத்துக்கொள்கிறது. எதிரே பழனி மலைத் தொடர் நிற்பது அதற்குத் தெரியாது.

ஆட்களும் பெட்டிகளுமாக 1,800 கிலோ வண்டியை 1,800 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, பள்ளிக்கூட இயற்பியல்படி 8.8 யூனிட் வேண்டும். மோட்டாரில் வீணாவதைச் சேர்த்தால் 10. அதற்கு மேல், 55 கி.மீ. மலைப்பாதையில் உருண்டு போகவே ஆறரை யூனிட். அதற்கு முன்னால் வத்தலக்குண்டு வழியாக மலையடிவாரத்துக் காட்ரோடு வரை சுமார் 40 கி.மீ. சமவெளி, அதற்கு ஆறு. எல்லாம் சேர்த்து 22 யூனிட்டுக்கு மேல், அதாவது 55 சதவீதம். கையில் இருந்ததோ 46. பாதுகாப்புக்கு 20 சதவீதம் மிச்சம் வைக்க நினைத்தால், திண்டுக்கல்லில் 75-க்குக் குறையாமல் கிளம்ப வேண்டும்.

இந்தக் கணக்கை எந்த ஆப் போட்டுத் தருகிறது, எது தராது என்பதிலிருந்துதான் ஒப்பீட்டையே தொடங்க வேண்டும். மின்சாரக் காரில் தொலைதூரம் போகிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்கும் முதல் கேள்வி "எந்த ஆப் வெச்சிருக்கீங்க?" என்பதுதான். அது தவறான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. என் கார் அங்கே போய்ச் சேருமா என்பது ஒரு கேள்வி. அங்கே இருக்கும் சார்ஜர் உயிரோடு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குப் பதில் சொல்லும் ஆப்புக்கு இரண்டாவதைப் பற்றி அரைகுறையாகத்தான் தெரியும். இரண்டாவதற்குப் பதில் சொல்லும் ஆப்புக்கு என் காரைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

முதல் கேள்விக்கு என் அனுபவத்தில் ஒரே விடைதான்: "எ பெட்டர் ரூட்பிளானர்", சுருக்கமாக ஏபிஆர்பி. ஸ்வீடன் நாட்டு இடெர்னியோ நிறுவனம் உருவாக்கியது. 2023-இல் அமெரிக்க மின்வாகன நிறுவனமான ரிவியன் அதை வாங்கிக்கொண்டது. போனிலும் ஓடும், கம்ப்யூட்டரிலும் ஓடும். திட்டமிடுவதைக் கம்ப்யூட்டரில் செய்வதே எனக்கு வசதி, பெரிய திரையில் உயரக் கோடும் சார்ஜ் கோடும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தெரியும். கார் மாடலைச் சொல்ல வேண்டும், கிளம்பும்போது எத்தனை சதவீதம் என்று சொல்ல வேண்டும், போய்ச் சேரும்போது எவ்வளவு மிச்சம் வேண்டும் என்று சொல்ல வேண்டும். மலை, தூரம், வேகம், வெயில், எதிர்க்காற்று, பேட்டரியின் வயது எல்லாவற்றையும் போட்டுக் குலுக்கி, எங்கே நிற்க வேண்டும், அங்கே எத்தனை சதவீதம் வரை ஏற்ற வேண்டும், எத்தனை நிமிடம் ஆகும் என்று வரிசையாகத் தந்துவிடும். அன்றைக்குத் திண்டுக்கல்லில் அது சொன்னது 76. நான் கையால் போட்ட கணக்கு 75.

ஆனால் இறக்கிய கையோடு நம்பிவிடக் கூடாது. உள்ளே மூன்று நான்கு இடங்களில் நம் ஊருக்குத் தகுந்தபடி கை வைக்க வேண்டும்.

முதலாவது வேகம். ரோட்டுக்கு விதித்த வேகத்திலேயே நாம் போவோம் என்று அது நினைத்துக்கொள்கிறது. விழுப்புரம் பக்கம் எதிர்த் திசையில் வரும் டிராக்டரையும், உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் நடு ரோட்டில் படுத்திருக்கும் மாட்டையும் அதற்கு யாரும் சொல்லவில்லை. அதிகபட்ச வேகம் என்ற இடத்தில் 90 என்று போட்டேன். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80-இல் இருக்கும் தடை 100-இல் ஒன்றரை மடங்குக்கும் மேல். அதனால் இந்த ஒரு எண்ணை மாற்றினாலே திட்டம் முழுதும் மாறிவிடும்: சார்ஜுக்கு நிற்கும் நேரம் குறையும், ஓடும் நேரம் கூடும். மாற்றாமல் விட்டால், பேட்டரி விஷயத்தில் தேவைக்கு மேல் பயமுறுத்தும், நேர விஷயத்தில் ஆசை காட்டும்.

இரண்டாவது, நிலையாக 110 கி.மீ. வேகத்தில் போனால் கார் எவ்வளவு குடிக்கும் என்று ஓர் எண்ணைக் கேட்கும். அந்த மாடலுக்கென்று அதுவாகவே ஒன்று போட்டு வைத்திருக்கும். நிலையாக 110-இல் நான் ஐந்து நிமிடம்கூட ஓட்டியதில்லை, எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்த ஒரு ஊருக்கு ஒருமுறை திட்டம் போட்டு, உண்மையில் ஆனதோடு ஒப்பிட்டு, அந்த எண்ணைக் கொஞ்சம் மேலே கீழே நகர்த்திச் சரிசெய்துகொண்டேன். தாம்பரத்திலிருந்து புதுச்சேரி போய் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்குப் போதும்.

மூன்றாவது எடை. கூடுதல் எடை என்று ஒரு கட்டம் இருக்கிறது. சமவெளிக்கு அது பெரிய விஷயமில்லை. மலைக்கு விஷயம். ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டி, அம்மா கொண்டுவந்த இட்லிப் பாத்திரம் வரைக்கும் 1,800 மீட்டர் ஏற வேண்டுமே.

கடைசியாக, சார்ஜரைச் சென்றடையும்போது 10 சதவீதம் மிச்சம் இருந்தால் போதும் என்று அது வைத்திருக்கும். ஐரோப்பாவில் அது சரியாக இருக்கலாம். நான் 25 போடுகிறேன். காரணம் பயம் இல்லை. அங்கே போய்ப் பார்த்துக் கன் (காரில் செருகும் கேபிள் முனை) வேலை செய்யாவிட்டால் அடுத்த சார்ஜர் 40, 50 கி.மீ. தள்ளி இருக்கும், அதற்கான சார்ஜ் காரில் இருக்க வேண்டும். அந்த 25 சதவீதம் அடுத்த ஊருக்கான வழிச்செலவு.

இலவசப் பதிப்பே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. பணம் கட்டினால் அந்த நேரத்து வானிலையும் போக்குவரத்தும் கணக்கில் சேரும். மாதம் ஒருமுறை தொலைதூரம் போகிறவருக்கு அது பிரயோஜனப்படலாம், வருஷத்துக்கு இரண்டு முறை போகிற எனக்கு வேண்டாம்.

அதன் பலவீனம் சார்ஜர் பட்டியலில் இருக்கிறது. ஷோரூம் வளாகத்துக்குள் இருக்கும் சார்ஜரை நெடுஞ்சாலை சார்ஜர் மாதிரியே காட்டும். ஞாயிற்றுக்கிழமை ஷோரூம் பூட்டியிருக்கும், இரவு எட்டுக்கு மேல் கேட் சாத்தியிருக்கும், சில இடங்களில் வேறு கம்பெனி வண்டியை உள்ளே விடவும் மாட்டார்கள். இதைவிடப் பெரிய ஏமாற்று வேலை 60 கிலோவாட் (மணிக்கு 60 யூனிட் ஏற்றும் வேகம்) என்ற எண்ணில் இருக்கிறது. ஒரே பெட்டியில் இரண்டு கன் தொங்கும். ஒரு கார் மட்டும் நின்றால் முழு 60-ம் அதற்கே. இரண்டாவது கார் வந்து செருகினால் ஆளுக்கு 30. திண்டுக்கல்லில் எனக்கு அதுதான் நடந்தது. 46-இலிருந்து 76-க்கு பதினாறு நிமிடம் என்று ஆப் சொல்லியிருந்தது. ஐந்தாவது நிமிடத்தில் மதுரைப் பதிவெண், மின்வண்டிக்குரிய பச்சைப் பலகை, ஒரு குடும்பம் வந்து இறங்கியது. திரையில் 48 என்று இருந்த எண் 29-க்கு இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். அவர் என்னிடம் வந்து, "சார், எத்தனை வரைக்கும் போடப் போறீங்க?" என்றார். 76 என்றேன். "கொடைக்கானலா?" என்று சிரித்தார். அவரும் அதே கணக்கைப் போட்டிருந்தார்.

இனி சமவெளிக்கு வருவோம். சென்னை–திருச்சி ரோட்டில் ஏபிஆர்பி எனக்குத் தேவையே இல்லை என்றுதான் சொல்வேன். மேல்மருவத்தூர், திண்டிவனம், விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டை என்று வழியெல்லாம் ஓட்டல் வாசல்களில் சார்ஜர்கள். ரோடு தட்டை, கணக்கு சுலபம்: கிலோமீட்டரை 2.8-ஆல் வகுத்தால் சதவீதம். தாம்பரத்திலிருந்து உளுந்தூர்பேட்டை சுமார் 170 கி.மீ., அதாவது 61 சதவீதம் போகும், 39 மிச்சம். இதற்கு எதற்கு ஆப்? அங்கே எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கன் நேற்று வேலை செய்ததா?

இதற்கு பிளக்‌ஷேர். பல வருஷமாக இருக்கும் பழைய ஆப், அமெரிக்காவில் பிறந்தது, ஆனால் நம் ஊர் சார்ஜர்களும் நிறைய இருக்கின்றன, ஏற்றியவர்கள் நம்மைப் போன்ற வண்டிக்காரர்கள்தான். சார்ஜ் போட்டவர் அங்கேயே குறிப்பு எழுதிவிட்டுப் போவார்: எத்தனை கிலோவாட் வந்தது, எந்தக் கன் மக்கர், நிழல் உண்டா, கழிப்பறை எப்படி. பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் இருக்கும். நான் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. கடைசிக் குறிப்பின் தேதியைத்தான் பார்ப்பேன். 9.5 மதிப்பெண் வாங்கி, கடைசிக் குறிப்பு நான்கு மாதத்துக்கு முந்தையது என்றால் அந்த இடம் என் பட்டியலில் இல்லை. 7 மதிப்பெண், ஆனால் நேற்று மாலை ஒருவர் "கன் 1 ஓகே, 42 வந்தது, வாட்ச்மேன் உதவினார்" என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போவேன். போட்டோக்களையும் பார்க்க வேண்டும். சார்ஜர் எந்த மூலையில், வண்டியின் எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினால் கேபிள் எட்டும் என்பது போட்டோவில்தான் தெரியும்.

பிளக்‌ஷேருக்கு மலை தெரியாது, வேகம் தெரியாது. சிசிஎஸ் 2 (வேகமாகச் சார்ஜ் ஏற்றும் கன் வகை) மட்டும் காட்டு, 30 கிலோவாட்டுக்குக் குறைந்ததை மறை என்று வடிகட்டினால் வரைபடம் சுத்தமாகிவிடும், அவ்வளவுதான் அதற்குச் செய்ய வேண்டியது. கூட்டம் போகாத ரோட்டில் அது ஊமை. குறிப்பெழுத ஆள் வந்தால்தானே பேசும்.

பிளக்‌ஷேரால் சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது: இந்த நிமிடம் அங்கே யாராவது நிற்கிறார்களா? அதற்கு அந்தந்த சார்ஜிங் நிறுவனத்தின் சொந்த ஆப்தான். கோவையைச் சேர்ந்த ஜியான், டாடா பவர், ஸ்டாடிக், ஜியோ-பிபி என்று ஆளுக்கொன்று. காலியா, ஓடுகிறதா, பழுதா என்று அங்கே தெரியும். சார்ஜ் போடவும் அவரவர் ஆப் வேண்டும், கியூஆர் ஸ்கேன் செய்து, பெரும்பாலும் வாலட்டில் முன்கூட்டியே பணம் போட்டு வைத்திருந்தால்தான் கன் உயிர்பெறும். என் போனில் இப்படி ஆறு ஆப். ஒவ்வொன்றிலும் இருநூறு, முன்னூறு தூங்குகிறது. ஒரு நிறுவனத்திடம் மாட்டிய 340 ரூபாய் திரும்பி வர ஏழு வாரம் ஆனது. அந்த வழியில் அவர்கள் சார்ஜர்தான் எனக்கு ராசியானது என்பதால் சண்டை போடவும் மனம் வரவில்லை. வழியில் டவர் கிடைக்காது, ஓடிபி வராது, ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாளே இறக்கி, பதிவு செய்து, பணம் போட்டுவிடுங்கள். இதை எந்தத் திட்டமிடும் ஆப்பும் உங்களுக்குச் சொல்லாது.

ஆப்பில் "காலி" என்று காட்டுவதற்கும் உண்மையில் காலியாக இருப்பதற்கும் நடுவே ஒரு டீசல் எஸ்யூவி நிற்கலாம். ஓட்டல் வாசல் சார்ஜர்களில் இது வாடிக்கை. நிழலான இடம் அதுதான் என்றால் கேட்கவே வேண்டாம்.

கூகுள் மேப்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டுவதற்கு அதுதான், டிராபிக்குக்கு அதுதான். 2024 ஜூலையில் எலெக்ட்ரிக்பே, ஏதர், கஸாம், ஸ்டாடிக் ஆகிய நிறுவனங்களோடு சேர்ந்து இந்தியாவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சார்ஜர்களின் விவரத்தைக் கொண்டுவந்தார்கள். எந்த வகைக் கன், இப்போது காலியா என்றும் காட்டுகிறது. அவசரத்துக்கு உதவும். போனில் நம் காரின் பேட்டரி எவ்வளவு மிச்சம் என்பதே அதற்குத் தெரியாது. ஆகவே 95 கி.மீ. என்றால் 95 கி.மீ.தான், அது கன்னியாகுமரி ரோடாக இருந்தாலும் கொடைக்கானல் மலையாக இருந்தாலும். கார் நிறுவனங்களின் சொந்த ஆப்களும் ஏறக்குறைய இதே கதை. கார் எங்கே நிற்கிறது, எத்தனை சதவீதம் என்று பார்க்க அவை அருமை.

இவை எல்லாவற்றையும் விடப் பழைய முறை ஒன்று உண்டு, நான் இன்னும் விடவில்லை. போன் போட்டுக் கேட்பது. பிளக்‌ஷேரிலோ மேப்பிலோ ஓட்டல் நம்பர் இருக்கும். திருச்சி தாண்டி ஒரு இடத்துக்குக் கூப்பிட்டேன்.

"அண்ணே, உங்க வாசல்ல இருக்கிற கார் சார்ஜர் ஓடுதா?"

"ஓடுது சார், நல்லா ஓடுது."

"இப்ப வந்தா போடலாமா?"

"வாங்க சார். கரண்ட்தான் இல்ல, அஞ்சு மணிக்கு வந்துடும்."

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். ஓட்டலுக்கு ஜெனரேட்டர் உண்டு, மின்விசிறி ஓடும், தோசைக்கல் சூடாகும், ஆனால் 60 கிலோவாட் சார்ஜரை யாரும் ஜெனரேட்டரில் ஓட்டுவதில்லை. எந்த ஊரில் என்றைக்கு மின்தடை என்று பேப்பரில் முந்தின நாளே வந்துவிடுகிறது. கோடிக்கணக்கில் செலவழித்த எந்த ஆப்பிலும் அது இல்லை. இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முதல் நாள் பேப்பரில் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

தங்கும் இடத்துக்கும் போன்தான். கொடைக்கானலில் விடுதி பிடிக்கும்போது வெந்நீர் உண்டா என்று கேட்பதற்கு முன்னால், கார் நிறுத்துமிடத்தில் 15 ஆம்பியர் பாயின்ட் உண்டா என்று கேட்டேன். வீட்டு ஏசிக்குப் போடும் அதே பிளக். மணிக்கு மூன்று யூனிட் ஏறும். இரவு பத்து மணி நேரத்தில் முப்பது. காசு கொடுத்து நெடுஞ்சாலையில் இரண்டு முறை நிற்பதற்குச் சமம். பாயின்ட் மட்டும் இருந்தால் போதாது, எர்த் சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையடக்கச் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். "எர்த் இருக்கா?" என்று கேட்டால் விடுதிக்காரர் "எல்லாம் இருக்கு சார்" என்பார். அதை அப்படியே நம்பாமல், அங்கே சார்ஜ் போட்ட வேறு யாராவது பிளக்‌ஷேரில் எழுதியிருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஆக, ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு என்ன சொல்வது? வண்டியையும் வழியையும் கேட்பேன். 60, 70 யூனிட் பேட்டரி, சென்னையிலிருந்து திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்று நெடுஞ்சாலையோடு போகிறவர் என்றால் பிளக்‌ஷேர் போதும். மனக்கணக்கு மீதியைப் பார்த்துக்கொள்ளும். கொடைக்கானல், ஊட்டி, வால்பாறை, மூணாறு என்று பெயரில் மலை இருந்தால், பேட்டரி எவ்வளவு பெரியதானாலும் ஏபிஆர்பி. அடிவாரத்தில் எத்தனை சதவீதத்தோடு நிற்க வேண்டும் என்ற அந்த ஓர் எண்ணுக்காகவாவது. 25, 30 யூனிட் பேட்டரி வைத்துக்கொண்டு மலைக்குப் போகிறவர் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும், போனில் பேலன்ஸும் வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கமான பாதையில் மாதாமாதம் போகிறவருக்கு மூன்று மாதத்தில் எந்த ஆப்பும் தேவைப்படாது, வாட்ச்மேன் பெயரே தெரிந்துவிடும்.

நான் செய்வது இது. முந்தின இரவு ஏபிஆர்பியில் திட்டம் போட்டு, நிற்க வேண்டிய ஊர்களை மட்டும் எடுத்துக்கொள்வேன், அது சொல்லும் சார்ஜரை அல்ல. அந்த ஊரில் எந்தச் சார்ஜர் என்பதை பிளக்‌ஷேர் தீர்மானிக்கும். இருபது கிலோமீட்டருக்கு முன்னால் பக்கத்து சீட்டிலிருந்து மனைவி அந்த நிறுவனத்தின் ஆப்பைத் திறந்து காலியா என்று பார்ப்பார். ஓட்டுவது கூகுளோடு. நான்கு ஆப், ஒரு கார். பெட்ரோல் கார் வைத்திருக்கும் மச்சினர் இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். சிரிக்கட்டும்.

திரும்பி வரும்போது ஏபிஆர்பியிடமிருந்து இன்னொன்று கற்றுக்கொண்டேன். விடுதியில் இரவெல்லாம் போட்டு 100 ஆக்கிக்கொண்டு கிளம்புவதாகத்தான் இருந்தேன். திட்டத்தில் போட்டுப் பார்த்தபோது, மலையை விட்டு இறங்கும் இடத்தில் சார்ஜ் கோடு கீழே போகாமல் மேலே ஏறியது. இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பேட்டரியை நிரப்புகிறது. ஏற்கெனவே நிரம்பிய பேட்டரியில் அதை எங்கே ஊற்றுவது? அந்த வேலை முழுதும் பிரேக் கட்டைகளின் தலையில் விழும். காலை நான்கு மணிக்கு எழுந்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கீழே போய், 71-இல் பிளக்கைப் பிடுங்கினேன். வெள்ளி நீர்வீழ்ச்சி, ஊத்து, டம் டம் பாறை என்று இறங்கி ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடிக் காட்ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது 77 காட்டியது. அம்மாவிடம் காட்டினேன். "மீட்டர் ரிப்பேரா?" என்றார்.